வில்லங்கம் உள்ள சொத்து: கிறித்தவ மரபில் உடைமையும் பயனும்

“இயேசுநாதர்தான் உலகத்தின் முதல் கம்யூனிஸ்ட்” என்று மேடையில் சிலர் பேசக் கேட்டிருப்போம். “முதலாளித்துவமே கிறித்தவம் பெற்ற பிள்ளைதான்” என்று வேறு சிலர் எழுதியும் படித்திருப்போம். முதல் தரப்பார், ஆதித் திருச்சபையில் எல்லாரும் சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்ததைச் சான்று காட்டுவர். இரண்டாம் தரப்பார், ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவர். புராட்டஸ்டண்டு ஒழுக்கத்துக்கும் முதலாளித்துவ மனப்பாங்குக்கும் உறவு உண்டு என்பது அவர் கருத்து. ஒரே சமயம் எதிரெதிரான இரண்டு கட்சிகளுக்கும் எப்படித் தாயாக முடியும்? இதை எளிய முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

“நயினார் சமணர் ஆயிற்றே, அவருக்கு இதில் என்ன வேலை?” என்று மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் இந்த ஊரில் நாற்பது வருஷமாக ஜவுளி வியாபாரம் செய்கிறவன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைதான், மீதியெல்லாம் கடை அடைத்த பிறகு படித்தது. எங்கள் சமயத்தில் இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்கள் உண்டு. ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. அதாவது, “இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு சரக்கு எனக்குப் போதும்” என்று அவரவரே ஒரு வரம்பு கட்டிக்கொண்டு, மேற்கொண்டு வருவதை அறத்துக்கு விட வேண்டும். கொல்லாமையும் கள்ளாமையும் வியாபாரிக்குப் பெரிய கஷ்டம் இல்லை. இந்த ஐந்தாவதுதான் தினம் தினம் இடிக்கும். எது போதும்? யார் சொல்வது? மற்ற சமயத்தார் இந்த இடியை எப்படித் தாங்கினார்கள் என்று பார்க்கப் போனவனுக்குக் கிடைத்ததுதான் இந்த வரலாறு. இங்குள்ள ஒரு மாதா கோயிலின் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் உட்கார்ந்து படிக்க அனுமதித்த பெரியவர்களுக்கு என் நன்றி.

ஆதித் திருச்சபை

திருத்தூதர் பணிகள் என்னும் புதிய ஏற்பாட்டு நூல், எருசலேமின் முதல் விசுவாசிகள் நிலத்தையும் வீட்டையும் விற்று, பணத்தைத் திருத்தூதர்களின் காலடியில் வைத்ததாகவும், தேவைக்குத் தக்கபடி அது பங்கிடப்பட்டதாகவும் கூறுகிறது. பொதுவுடைமைக்கு மேற்கோளாக எல்லாரும் காட்டுவது இந்த இடத்தைத்தான். ஆனால் அடுத்த அதிகாரத்தையும் படிக்க வேண்டும். அனனியா, சப்பீரா என்ற தம்பதியர் நிலத்தை விற்று, ஒரு பகுதியை மறைத்து வைத்துக்கொண்டு, முழுத்தொகையும் இதுதான் என்று கொடுத்தார்கள். பேதுரு அவர்களைக் கண்டித்தது பணத்தை வைத்துக்கொண்டதற்காக அன்று. விற்கும் முன் நிலம் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது, ஏன் பொய் சொன்னாய் என்பதே அவர் கேள்வியின் சாரம். ஆக, கட்டாயம் இல்லை, சொத்து சொந்தம்தான், கொடுப்பது விருப்பம்தான்.

சுமார் கி.பி. 200இல் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் கிளமெண்ட் என்ற ஆசிரியர் இருந்தார். அது பெரும் வணிக நகரம். பணக்காரர்களும் திருச்சபைக்கு வரத் தொடங்கிய காலம். சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு ஒரு செல்வந்த இளைஞனுக்குச் சொன்னது தங்களுக்கும் பொருந்துமா என்று அவர்களுக்குக் கலக்கம். கிளமெண்ட் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். விட வேண்டியது பொருளின் மீதுள்ள வெறியை. எல்லாருமே கையை உதறிவிட்டால் பசித்தவனுக்குச் சோறு போடுவது யார் என்பது அவர் வாதம். எங்கள் தத்துவார்த்த சூத்திரமும் பொருளின் மேல் உள்ள மயக்கத்தைத்தான் பரிக்கிரகம் என்று இலக்கணம் சொல்கிறது. படித்தபோது வியப்பாக இருந்தது.

இந்த விடையில் ஓர் ஆபத்தும் உண்டு, இல்லையா? “எனக்குப் பற்று இல்லை” என்று சொல்லிக்கொண்டே பத்து வீடு வாங்கலாம். இதை அடைத்தவர்கள் நான்காம் நூற்றாண்டுப் பெரியோர்கள். இன்றைய துருக்கியில் இருக்கும் செசரேயா நகரில் 368, 369ஆம் ஆண்டுகளில் கடும் பஞ்சம். களஞ்சியக்காரர்கள் விலை ஏறட்டும் என்று தானியத்தைப் பூட்டி வைத்தார்கள். பின்னர் அந்நகரின் ஆயரான பசிலியார் அவர்களை நோக்கிச் செய்த பிரசங்கங்கள் இன்றும் கிடைக்கின்றன. தேவைக்கு மேல் பூட்டி வைத்திருப்பது பசித்தவனின் உணவு. பெட்டியில் மடித்து வைத்திருப்பது ஆடையற்றவனின் ஆடை என்பது அவர் கூற்றின் சாரம். அதாவது, ஏழைக்குக் கொடுப்பது தானம் ஆகாது, கடன் தீர்ப்பதே ஆகும். மிலான் நகர ஆயர் அம்புரோசியாரும் இதே கருத்தை வலியுறுத்தினார். ஜவுளிக்கடைக்காரன் இந்த “மடித்து வைத்த ஆடை” என்ற இடத்தைத் தாண்டிப் போவது சுலபம் இல்லை!

வைத்திருப்பது வேறு, அனுபவிப்பது வேறு

இந்த இரண்டு நூல்களையும் சேர்த்து முறுக்கியவர் தாமஸ் அக்வினாஸ் (1225–1274). சொத்து தனியார் கையில் இருப்பது சரியே என்று மூன்று காரணம் சொன்னார். பொது வேலை என்றால் ஆளாளுக்கு ஒதுங்குவார்கள், தன் சொத்து என்றால் கவனமாகப் பார்ப்பார்கள். யாருக்கு எது பொறுப்பு என்ற ஒழுங்கு இருக்கும். சண்டை குறையும். கூட்டு வியாபாரம் செய்து பார்த்தவர்கள் இந்த மூன்றையும் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் பராமரிப்பதற்கும் நிர்வகிப்பதற்கும்தான். அனுபவிக்கும் விஷயத்தில், பொருளைப் பொதுவானது போலக் கருதி, இல்லாதவனுக்கு எளிதில் பகிர வேண்டும் என்றார். இன்னும் ஒரு படி மேலே போனார். உயிர் போகும் நெருக்கடியில் ஒருவன் பிறர் பொருளை எடுத்தால் அது திருட்டே ஆகாது என்றும் எழுதினார். உடைமை தனி, பயன் பொது. இந்த ஒரு சூத்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வந்த சண்டைகளெல்லாம் விளங்கிவிடும். இதில் ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டவர்களால் வந்த சண்டைகள் அவை.

ஜவுளி வியாபாரியின் மகன்

இத்தாலியில் அசிசி என்ற ஊர். அங்கே பியெத்ரோ பெர்னர்தோனே என்ற செல்வந்தத் துணி வியாபாரி. அவர் மகன்தான் பிரான்சிஸ். 1206ஆம் ஆண்டு வாக்கில், தகப்பனார் தன் பணத்தை மகன் வாரி இறைக்கிறான் என்று ஆயரிடம் முறையிட்டார். மகன் உடுத்திய உடையையும் கழற்றித் தகப்பனார் முன் வைத்துவிட்டு வெளியேறினார். திகம்பர மரபில் பிறந்த எனக்கு அந்தக் காட்சி புதிதாகவே தோன்றவில்லை. அதே சமயம், கல்லாப்பெட்டி அருகில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தகப்பனாரின் மனமும் எனக்குப் புரிகிறது. வரலாறு அவரை வில்லனாக்கிவிட்டது, பாவம்.

பிரான்சிஸின் சீடர்கள் பெருகினார்கள். 1223இல் போப்பாண்டவர் மூன்றாம் ஹொனோரியஸ் அவர்களுடைய ஒழுங்கு முறையை உறுதி செய்தார். வீடு கூடாது, நிலம் கூடாது, காசைக் கையால் தொடவும் கூடாது. தனி ஆளுக்கு மட்டும் இல்லை, சபைக்கே சொத்து கூடாது என்பதுதான் புதுமை. மற்ற மடங்களில் துறவி ஏழையாக இருப்பார், மடம் பணக்கார மடமாக இருக்கும்.

பிரான்சிஸ் 1226இல் மறைந்தார். ஆயிரக்கணக்கில் துறவிகள் சேர்ந்துவிட்டார்கள். தங்க இடம் வேண்டும், படிக்கப் புத்தகம் வேண்டும், பூசைக்குப் பாத்திரம் வேண்டும். பக்தர்கள் கொடுக்கிறார்கள். பேரேட்டில் யார் பெயரில் எழுதுவது? கணக்கு எழுதுகிறவனுக்கு உடனே உதிக்கும் கேள்வி இது. எந்தப் பொருளானாலும் யாராவது ஒருவர் பெயரில் பற்று எழுதித்தானே ஆக வேண்டும்?

1230இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி, துறவிகளுக்குப் பயன் மட்டும் உண்டு, உடைமை இல்லை என்றார். 1245இல் நான்காம் இன்னொசெண்ட், கொடையாளர் தமக்கென்று வைத்துக்கொண்டவை தவிர மற்ற உடைமை ரோமத் திருச்சபையைச் சேரும் என்று அறிவித்தார். 1279இல் மூன்றாம் நிக்கோலாஸ் இதை முழுச் சட்டமாக்கினார். துறவிக்கு அனுபவ பாத்தியதைகூட இல்லை, வெறும் உபயோகம் மட்டுமே என்பது ஏற்பாடு. சொத்து போப்பாண்டவர் பெயரில், சோறு துறவி வாயில். எங்கள் பக்கத்திலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் வரும் “பள்ளிச்சந்தம்” என்பது சமணப் பள்ளிக்கு விடப்பட்ட இறையிலி நிலம். முனிவருக்கு ஒரு துணிகூடச் சொந்தம் இல்லை. பள்ளிக்கோ நன்செய் நிலம் உண்டு. துறப்பவர் துறக்க வேண்டுமானால், வேறு யாரோ ஒருவர் வைத்திருந்தே ஆக வேண்டும்.

முட்டைக்கும் பாலாடைக்கட்டிக்கும் வழக்கு

சபைக்குள்ளேயே பிளவு வந்தது. கிடங்கு வைத்துத் தானியம் சேர்க்கலாமா, நீள அங்கி அணியலாமா என்பது வரை சச்சரவு. கடுந்துறவை விட்டுக்கொடுக்க மறுத்த நால்வர் 1318இல் பிரான்சு நாட்டு மார்சேய் நகரில் எரிக்கப்பட்டனர். ஏழையாக இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்ததற்கு இந்தத் தண்டனை. படிக்கும்போதே நெஞ்சு கனக்கும் செய்தி இது.

அப்போது போப்பாண்டவராக இருந்தவர் இருபத்திரண்டாம் ஜான். அவர் சட்ட வல்லுநர். பிரான்சின் அவிஞ்ஞோன் நகரிலிருந்து ஆண்டவர். 1322 டிசம்பரில் ஒரு ஆணை வெளியிட்டார். “இனிமேல் உங்களுக்கு வரும் பொருளுக்கு நான் உடைமையாளன் இல்லை” என்று கைகழுவிவிட்டார். தேவாலயங்கள், பூசைப் பொருள்கள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அவர் வாதம் வக்கீல் வாதம். குதிரையை இரவல் வாங்கி ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். அங்கே பயன் வேறு, உடைமை வேறு. முட்டையையும் பாலாடைக்கட்டியையும் தின்றால் தீர்ந்துபோயிற்று. தின்று தீர்த்த பொருளுக்கு இன்னொருவர் உடைமையாளர் என்பது என்ன கணக்கு? வெறும் பெயரளவுக் கணக்குதானே? மறு ஆண்டு, 1323 நவம்பரில், இயேசுவும் திருத்தூதர்களும் தனித்தோ கூட்டாகவோ எதையும் உடைமையாக வைத்திருக்கவில்லை என்று சாதிப்பது சமய விரோதம் என்றே அறிவித்துவிட்டார்.

துறவிகள் தரப்பிலும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். குதிரை ஓட்ஸ் தின்கிறது, அதனால் ஓட்ஸுக்கு அது உடைமையாளர் ஆகிவிடுமா என்று கேட்டார்கள். ஆங்கிலேயத் துறவி ஒக்காம் ஊர் வில்லியம் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினார். உண்ண இயற்கை தந்த அனுமதி எல்லா மனிதருக்கும் உண்டு. நீதிமன்றத்தில் நின்று வழக்காடும் உரிமை வேறு. நாங்கள் துறந்தது அந்த வழக்காடும் உரிமையை என்றார். நம் வழக்கில் சொல்லணும் என்றால், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் வயிறாரச் சாப்பிடலாம். இலையில் அப்பளம் வரவில்லை என்று கோர்ட்டுக்குப் போக முடியாது. அவ்வளவுதான்.

இது துறவிகளின் வீண் வாதமாக முடிந்துவிடவில்லை. 1328 மே மாதம் ஒக்காமும், சபைத் தலைவர் செசேனா ஊர் மிக்கேலும் அவிஞ்ஞோனிலிருந்து இரவில் தப்பியோடி, போப்பாண்டவரின் அரசியல் எதிரியான பவேரிய நாட்டுப் பேரரசர் லூயியிடம் அடைக்கலம் புகுந்தார்கள். பேரரசருக்கு ஏழ்மைத் தத்துவத்தில் அக்கறை இருந்ததோ இல்லையோ, போப்பாண்டவரை அடிக்க ஒரு தடி கிடைத்தது. பதிலுக்கு 1329இல் போப்பாண்டவர், ஏவாள் படைக்கப்படும் முன்பே ஆதாமுக்கு உலகின்மேல் உடைமை இருந்தது, எனவே உடைமை கடவுள் தந்தது என்று எழுதினார். சொத்து கடவுள் கொடுத்ததா, மனிதர் வகுத்துக்கொண்டதா என்ற கேள்வி அரசியல் ஆயுதமாகிவிட்டது. பின்னாளைய இயற்கை உரிமைக் கோட்பாட்டின் வேர்களை பிரையன் டியர்னி போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்த வழக்கு வரை கொண்டுபோகிறார்கள்.

கணக்கு எழுதக் கற்பித்த துறவி

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சொத்தே வேண்டாம் என்ற அதே பிரான்சிஸ்கன் சபைதான், வியாபாரத்தைப் பற்றி மிகக் கூர்மையாகச் சிந்தித்திருக்கிறது.

பீட்டர் ஜான் ஒலிவி (இறப்பு 1298) கடுந்துறவுக் கட்சியின் பெரிய ஆசிரியர். அவரே ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பெட்டியில் சும்மா கிடக்கும் பணம் வேறு, வியாபாரத்தில் போடுவதற்கென்று எடுத்து வைத்த பணம் வேறு. பின்னதில் விதைநெல்லில் இருப்பது போன்ற ஒரு விளைவுத் தன்மை உண்டு, அதுவே முதல் என்றார். நாம் “முதல் போடுவது” என்கிறோமே, அதன் இலக்கணத்தைக் காசைத் தொடாத ஒருவர் எழுதியிருக்கிறார்! 1494இல் வெனிஸ் நகரில் அச்சான கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கிய லூக்கா பச்சியோலியும் பிரான்சிஸ்கன் துறவிதான். முறை வெனிஸ் வணிகர்களுடையது. அதை எல்லாரும் கற்கும்படி எழுதி வைத்தது துறவி.

1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில் ஏழைகளுக்கான அடகு நிலையம் ஒன்று பிரான்சிஸ்கன் பிரசங்கிகளின் முயற்சியால் தொடங்கியது. நகையோ துணியோ வைத்தால் குறைந்த கட்டணத்தில் கடன் கிடைக்கும். நிர்வாகச் செலவுக்குக் கட்டணம் வாங்குவதும் வட்டிதான் என்று வேறு சபையினர் எதிர்த்தார்கள். 1515இல் லாத்தரன் பொதுச்சங்கம் அந்தக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. இதற்கு ஒரு கறையும் உண்டு. இந்த நிலையங்களுக்காகப் பிரசங்கம் செய்தவர்களில் பலர் யூத வட்டிக்காரர்கள் மேல் மக்களிடம் வெறுப்பைத் தூண்டினார்கள். ஏழைக்கு இரங்கிய அதே வாய் இன்னொரு சிறுபான்மையைத் தூற்றியது. பிற மாநிலத்தில் கடை வைத்துப் பிழைக்கும் நாம் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

ஒரே ஆதியாகமம், இரண்டு கட்சி

ஆதியில் கடவுள் பூமியை மனித குலத்துக்குப் பொதுவாகத் தந்தார் என்பது கிறித்தவர் எல்லாருக்கும் உடன்பாடான செய்தி. இங்கிலாந்தில் அரசர் முதலாம் சார்லஸ் 1649 ஜனவரியில் கொல்லப்பட்டார். அந்த ஏப்ரலில் ஜெரார்ட் வின்ஸ்டன்லி என்பவரும் தோழர்களும் சர்ரே மாவட்டத்தில் செயின்ட் ஜார்ஜ் குன்றில் தரிசு நிலத்தைக் கொத்திக் காய்கறி பயிரிட்டார்கள். நொடித்துப்போன துணி வியாபாரி அவர் (மறுபடியும் துணி!). பூமி பொது, வேலி போட்டது பாவம் என்பது அவர் வாதம். ஓராண்டுக்குள் நிலக்காரர்கள் அவர்களை அடித்து விரட்டிவிட்டார்கள்.

நாற்பது ஆண்டு கழித்து, 1689இல், ஜான் லாக் தம் அரசியல் நூலை வெளியிட்டார். அவரும் அதே பொதுப் பூமியில்தான் தொடங்குகிறார். ஆனால் ஒருவன் தன் உழைப்பை நிலத்தில் கலந்தால் அது அவனுடையதாகிவிடும் என்று முடித்தார். பிற்காலத் தனியுடைமை வாதிகளுக்கு அவர் குலகுரு. அவர்கள் அதிகம் எடுத்துச் சொல்லாத ஒன்று உண்டு. பிழைக்க வேறு வழி இல்லாதவனுக்கு, மற்றவனின் மிகுதியில் ஒரு பாத்தியதை இருக்கிறது என்றும் லாக் எழுதியிருக்கிறார். அக்வினாஸின் பழைய வாசம் அதில் வீசுகிறது.

திருச்சபையும் பெரிய நிலக்காரர்தானே, அதற்கு இந்த விதி இல்லையா? அதையும் ஒருவர் கேட்டார். அவரும் ஓர் ஆயரே. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 அக்டோபரில், தலேரான் என்ற ஆயர் எழுந்து, குருமார்கள் மற்றவர்களைப் போல உண்மையான உடைமையாளர்கள் அல்லர் என்று வாதாடினார். நவம்பரில் திருச்சபைச் சொத்துகள் நாட்டின் பொறுப்புக்கு வந்தன. உடைமை வேறு, பயன் வேறு என்று ஐந்நூறு ஆண்டு வாதாடிய வீட்டுக்குள்ளேயே அந்த வாதம் திரும்பி வந்தது.

1891 முதல்

ஆலைத் தொழில் பெருகியது. 1848இல் மார்க்சும் எங்கெல்சும் கம்யூனிஸ்ட் அறிக்கையை வெளியிட்டார்கள். 1891 மே 15இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றிய புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். தனியுடைமையை ஒழிக்கும் சோஷலிசத்தை மறுத்தார். அதற்கு அவர் கூறிய காரணங்களில் ஒன்று, கூலிக்காரன் மிச்சம் பிடித்து ஒரு காணி வாங்கலாம் என்ற நம்பிக்கையையே அது பறித்துவிடும் என்பது. முதலாளிகள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அதே மடலில், இருவர் சம்மதித்த கூலி என்பதாலேயே அது நியாயக் கூலி ஆகிவிடாது, தொழிலாளிக்குச் சங்கம் வைக்க உரிமை உண்டு என்றும் எழுதினார். அக்வினாஸின் இரு பாதியும் மீண்டும் வந்தன.

1931இல் பதினோராம் பயஸ் இரண்டு பாறைகளைப் பற்றி எச்சரித்தார். சொத்தின் சமூகத் தன்மையை மறுத்தால் தனிமனித வாதத்தில் மோதும். அதன் தனித் தன்மையை மறுத்தால் கூட்டுடைமை வாதத்தில் மோதும். 1967இல் ஆறாம் பால், தனியுடைமை நிபந்தனையற்ற உரிமை ஆகாது, பொது நலனுக்குத் தடையாக இருக்கும் பெரும் பண்ணைகளைச் சில வேளை எடுத்துக்கொள்ளலாம் என்றார். உடனே அமெரிக்க வணிக ஏடு ஒன்று இதைச் சுடவைத்த மார்க்சியம் என்று கேலி செய்தது. போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் வாழ்ந்து வந்த இரண்டாம் ஜான் பால் 1979 ஜனவரியில் மெக்சிகோவின் புவெப்லா நகரில், எல்லாத் தனிச் சொத்தின் மீதும் ஒரு சமூக அடமானம் இருக்கிறது என்று பேசினார். அவரைக் கம்யூனிஸ்ட் என்று யாராலும் சொல்ல முடியாது! 2020இல் பிரான்சிஸ் போப்பாண்டவரும் தனியுடைமை உரிமை இரண்டாம் நிலை உரிமைதான், உலகப் பொருள் அனைவருக்கும் என்பதே முதல் என்று எழுதினார். அசிசி துணி வியாபாரியின் மகன் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்ட முதல் போப்பாண்டவர் அவர் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

நம் நாட்டிலேயே ஒரு காட்சி

இந்த இருபாதித் தன்மையை நம் பக்கத்து மாநிலமான கேரளத்திலேயே காணலாம். 1957இல் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. கல்வி மசோதாவால் தங்கள் பள்ளிகளின் நிர்வாக உரிமை பறிபோகும் என்று கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. 1959 விமோசனப் போராட்டத்தில் நாயர் சமுதாய அமைப்போடு சேர்ந்து அதுவும் முன்னின்றது. ஜூலை 31இல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது.

அந்தக் காலத்தில் கம்யூனிஸ்ட் எதிர்ப்பில் பெயர்பெற்ற பாதிரியார்களில் ஒருவர் வடக்கன் அச்சன். பிறகு 1961இல், இடுக்கி மலைப்பகுதியில் குடியேறிய ஏழை விவசாயிகளை வெளியேற்றி அமராவதியில் கொண்டுபோய் விட்டபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்தார். வடக்கன் அச்சன் அவரோடு நின்றார். அவர் தோற்றுவித்த கட்சி 1967இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையிலேயே இடம்பெற்றது. கட்சி மாறிவிட்டார் என்று ஏசியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் அரசு பள்ளியை எடுத்துக்கொள்ளும் என்று அஞ்சி உடைமைப் பாதிக்காக நின்றார். பிறகு ஏழை நிலம் இழந்தபோது பயன் பாதிக்காக நின்றார். இரண்டும் அதே மரபில் உள்ளவையே.

முடிவுரை

ஆக, கிறித்தவம் முதலாளித்துவமா, கம்யூனிசமா என்று கேட்டால், இரண்டு கட்சியும் அதன் வீட்டில் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போனவை எனலாம். பாதியை மட்டும் எடுத்தவர்களால் இரு பக்கமும் கேடு விளைந்தது. ஏழ்மைக்காகத் துறவியை எரித்ததும் நடந்தது; சமத்துவத்தின் பெயரால் விவசாயியின் விதைநெல்லைப் பறித்த ஆட்சிகளும் இருபதாம் நூற்றாண்டில் நடந்தன.

நம்மில் பெரும்பாலோர் ஒரு பெட்டியோடு ஊரைவிட்டு வந்தவர்கள். உழைத்து வீடு, கடை, பிள்ளைகள் பெயரில் மனை என்று சேர்த்திருக்கிறோம். அது தவறு என்று கிளமெண்டும் சொல்லவில்லை, அக்வினாஸும் சொல்லவில்லை, எங்கள் அறநூல்களும் சொல்லவில்லை. ஆனால் நாம் ஒரு மனை வாங்கும் முன் என்ன செய்கிறோம்? ரெஜிஸ்டிரார் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். யாருக்காவது அதில் அடமானப் பாத்தியதை இருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் பணம் கட்டுகிறோம். புவெப்லாவில் சொன்ன அடமானம் அந்தச் சான்றிதழில் வராது. கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பையனின் கூலி, பிள்ளையின் படிப்புக்கு முன்பணம் கேட்டு வாசலில் தயங்கும் வாட்ச்மேன், ஊரில் நாம் குத்தகைக்கு விட்டு வந்த நிலத்தில் உழைக்கிறவர், இவர்கள் பெயரில் அது பதிவாகியிருக்கிறது.

பழைய வணிகர்கள் கணக்கில் “மகமை” என்று முதலிலேயே ஒரு பங்கை ஒதுக்கி எழுதுவார்கள். லாபம் பார்த்த பிறகு மிஞ்சினால் கொடுப்பது என்ற வழக்கம் அதற்கு இல்லை. பசிலியார் கடன் என்று சொன்னதை நம் முன்னோர் பேரேட்டில் ஒரு பத்தியாகவே வைத்திருந்தார்கள். வருகிற புதுக்கணக்கு நாளில், பிள்ளையார் சுழியோ எங்களைப் போல அருகன் வணக்கமோ இட்ட பிறகு, முதல் வரியாக அந்தப் பத்தியைத் திறந்து எவ்வளவு என்று எழுதுங்கள். தொகை எவ்வளவு என்பது அவரவர் மனச்சாட்சி. பத்தி இல்லாத பேரேடு மட்டும் வேண்டாம்.